பற்றுச்சீட்டு இலக்கம் 19

முகாம் முடிந்துவிட்டது.
பாய்களைச் சுருட்டிக் கட்டி
உப்புவெளிப் பள்ளிக்கூட மேடையில் அடுக்கியாயிற்று.
கச்சான் காற்று மணலை அள்ளி வந்து
கணக்குக் கொப்பியில் கொட்டுகிறது.
ஊதி ஊதி எழுதுகிறேன்.

வரவுப் பக்கம் சிரமமில்லை.
பெரிய தொகை ஸ்காபரோவிலிருந்து,
இங்கே படித்து அங்கே லொறி ஓட்டும் ஒருவர்.
மத்திய வீதிப் புடவைக்கடை முப்பத்திரண்டு துவாய் தந்தது,
எல்லாம் ஒரே ஊதா; விற்காத நிறமாயிருக்கும்.
பாலையூற்று பேக்கரி காலையில் பாண்.
பேர் போடவேண்டாம் என்ற ஒருவர் அரிசி மூட்டை,
மூட்டையில் அவர் கடைப் பேர் இருந்தது.

செலவில்தான் சிக்கல்.
நீச்சல் உடுப்பு, முழுக்கை, முழங்கால் தாண்டி,
தையற்கூலியோடு.
கடலை வாசலில் வைத்திருக்கும் பிள்ளைகள்,
முப்பத்திரண்டில் இருபத்தொன்பது பேருக்கு
நீந்தத் தெரியாது.
அண்ணன்மாருக்குத் தெரியும்.

அதற்குக் கீழே ஒரு வரி:
நாட்கூலி ஈடு, மூன்று பேர், ஐந்து நாள்.

நேற்றிரவு ஸ்காபரோ கதைத்தது.
"எல்லாம் விளங்குது தங்கச்சி, இதென்ன கூலி?
காம்புக்கு வாற பிள்ளைக்குச் சம்பளமோ?"
கோபமில்லை. அங்கே விடியல்,
லொறியை இன்னும் எடுக்கவில்லை.

நான் மிஸ்னாவைச் சொன்னேன்.
ஜமாலியா. பதின்மூன்று வயது.
லீவு விட்டால் நெத்தலி காயவைக்கப் போவாள்,
நாளுக்கு எழுநூறு.
இலவசம் என்று நாங்கள் ஒட்டிய நோட்டீஸ்
அவள் வீட்டுக் கணக்கில் மூவாயிரத்தைந்நூறு ரூபாய்.
அந்த விலையைத்தான் நாங்கள் கட்டினோம்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு கேட்டார்: "நீந்தினவளோ?"

நீந்தவில்லை. மிதந்தாள்.
மூன்றாம் நாள், கெவினா மிஸ்
முதுகுக்குக் கீழே பிடித்திருந்த கையை
சொல்லாமல் எடுத்தார்.
மிஸ்னா வானத்தைப் பார்த்தபடி கிடந்தாள்.
எழும்பியதும் சொன்ன ஒரே வசனம்:
"தண்ணிக்குள்ள காது போனா
கடல் சத்தமே போடுறல்ல, மிஸ்."

"சரி," என்றார். "ஆனா வேற பேர் போடுங்கோ.
இஞ்ச கமிட்டி பாக்கும்."
போக்குவரத்து என்று எழுதினேன்.
வெட்டினேன்.
இதர என்று எழுதினேன்.
அதையும் வெட்டி
நாட்கூலி ஈடு என்றே திரும்ப எழுதினேன்,
முதலில் எழுதியதைவிடப் பெரிய எழுத்தில்.

அப்போதுதான் வாசலில் றிஸ்வியா,
மிஸ்னாவின் உம்மா.
முந்தானை முடிச்சை அவிழ்த்து
ஐந்நூறும் இரண்டு நூறும்
மேசையில் வைத்தார்.
கருவாட்டு வாசம் கொப்பியில் ஏறியது.

"இது என்ன?"
"வெள்ளிக்கிழமைக் காசு.
வெள்ளியில எங்கட ஆக்கள் கடலுக்குப் போறல்ல.
மீனில்லாட்டி அவளுக்கு வேலையுமில்ல.
இல்லாத வேலைக்கு எப்புடிக் கூலி எடுக்குறது?"

வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
என்னை அவர் பார்த்த விதத்தில்
அதை இரண்டாம் முறை சொல்லவில்லை.

பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.
பதினெட்டில் நின்றிருந்தது.
"பேர் சொல்லுங்க."
"எனக்கு என்னத்துக்குத் துண்டு? உங்கட காசுதானே."
"உள்ளே வந்தால் வரவு," என்றேன்.
புடவைக்கடைக்குக் கீழே,
பேர் வேண்டாம் என்றவருக்கும் கீழே
றிஸ்வியா, ஜமாலியா, எழுநூறு.

துண்டை நாலாய் மடித்து
காசிருந்த அதே முடிச்சில் கட்டினார்.
படியிறங்கப் போனவர் திரும்பி,

"அடுத்த வருசம்
நாலு நாளைக்குத் தந்தாக் காணும்,
எழுதி வெச்சுக்கங்க" என்றார்.